மழையில் மட்டும் தெரிந்த விமானம்

வியாழன், இரவு

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: சிங்கப்பூரில், எங்கள் தெம்பனிஸ் வீட்டில் இன்று மீன் கறி மிஞ்சிவிட்டது.

காரணம் அக்கா; அவள் கிளப்பிய வாக்குவாதத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போர் விமான ரேடாருக்குப் புதிய மென்பொருள் வந்தால் அதைச் சோதித்துச் சொல்வது அவள் வேலை. வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறக்காதவள் இன்று திறந்தாள். மழையில் சோதனை விமானம் பறந்தபோது, இல்லாத விமானம் ஒன்று திரையில் தெரிந்ததாம். மேலதிகாரி வெயில் நாளில் மறுபடி பறக்கவிட்டு, "இப்ப சரியா இருக்கு லா, பாஸ்னு சொல்லிடு" என்றாராம். சனிக்கிழமை மழையில் பறந்து பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று வந்துவிட்டாள்.

அருவருப்பாக இருக்கிறது. மதியமானால் கொட்டுகிற ஊரில் வெயிலுக்கு மட்டும் ஒரு ரேடாரா? மென்பொருளின் கோளாறை மென்றே முழுங்கப் பார்க்கிறார்கள்.

"எல்லாரும் பாஸ்ங்கறாங்க. நீ மட்டும் ஏம்மா?" என்றார் அப்பா.

"ஓட்டுறவன் இல்லாததைத் துரத்திட்டு, இருக்கிறதை விட்டுடுவான்பா. உயிரு போயிடும்."

நானாக இருந்தால் அந்த அதிகாரியை மழையில் நிறுத்தி, "சார், நீங்க திரையிலயே தெரியல" என்றிருப்பேன். இந்த வீட்டில் அக்கா பக்கம் நான் ஒருவன்தான்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். சனிக்கிழமை அவள் என்னைப் படத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தாள். அப்பா வாய் திறப்பதற்கு முன்பே, "பேசாம பாஸ்னு சொல்லிடுக்கா" என்றவன் நான்தான்.