சிவபாலன் பறப்பதை நிறுத்திய விதம்

2008 நவம்பர் 10, திங்கட்கிழமை. மாலை 6.40. வெள்ளவத்தை, கொழும்பு.
குறிப்பு 1: கணினியின் திரைக்கோளாறு

விடியும்வரை மழை. பின் பல்கனியில் நீர் தேக்கம். பழைய துவாயால் ஒற்றி எடுத்தேன். இந்த வீட்டில் வேறு எவர் கண்ணிலும் அது படாது.

மனைவி மனோவின் தம்பி சிவபாலன் எங்களிடம் வந்து ஏழு மாதம். சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்க முகாமையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். மகள் ரொறன்ரோவில். கனடா விசாவுக்கு முதல் விண்ணப்பம் நிராகரிப்பு. இரண்டாவதற்கு நேர்முகம் வரும் 18ஆம் திகதி, செவ்வாய். அதுவரை என் கணினியில் விமானம் ஓட்டுகிறான். புறக்கோட்டையில் வாங்கிய விளையாட்டு வட்டு. கட்டுநாயக்காவில் ஏறுவது, ரொறன்ரோவில் இறங்குவது. அறுபத்துமூன்று வயதில்.

தொடக்கத்தில் விளையாட்டில் வானம் கோடுகோடாகக் கிழிந்தது. இறக்கை மினுங்கி மறைந்தது. தீர்த்தவன் நான். முறை, மறவாதிருக்க:

அ. கணினி உயிர்க்கும் கணத்தில் டிலீட் விசை. நீலத்திரை தோன்றும். அதுவே பயோஸ், கணினியின் அடிப்படை அமைப்பு.
ஆ. படத்துக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 8 எம்.பி. அதை 64 ஆக உயர்த்தினேன். கோடுகள் குறைந்தன, நிற்கவில்லை.
இ. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் பொருத்தினேன். மொனிட்டர் வயரை கார்டின் துளையில் செருகி, பழைய துளையைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினேன். படம் எந்தத் துளையால் வரவேண்டும் என்பதை பயோஸே தீர்மானிக்கும். அங்கே ‘கார்ட்’ எனத் தெரிவு. சேமிப்பு.

வானம் நீலமாயிற்று. “ஆ, பறக்குது,” என்றான். அவ்வளவே. நன்றி என்ற சொல் அவனுடைய தென்மராட்சியில் வழக்கில் இல்லை போலும்.

மதியம் சோற்றுக்கு இருக்கையில் கேட்டேன்: “என்ன சிவபாலன், இண்டைக்கும் விசா இல்லாமலே இறங்கியாச்சோ?”

முன்பெல்லாம் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

மனோ: “உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடேலாதோ?”

பருப்பில் உப்புக் குறைவு.

நவம்பர் 11, செவ்வாய். மாலை 5.15.

வெயில். கொட்டாஞ்சேனையிலிருந்து பெனடிக்ற், என் பழைய அலுவலகத் தோழர். கேக் கொண்டுவந்தார். சிறிது காய்ந்த கேக்.

சிவபாலன் அவரிடம், என் முன்னிலையில்: “எனக்கு விசா கிடைச்சா முதல் வேலை அக்காவைக் கூப்பிடுறதுதான். எழுபது வயசில இந்த பிளாட்டுக்க கிடந்து அவியிறா.”

பெனடிக்ற்: “அப்ப உம்மட அத்தான்?”

“அவர் வந்தா வரட்டும். ஆனா அங்க வந்து என்ன செய்யிறது? இஞ்ச எண்டா லைற் நூத்தாச்சோ, கேஸ் பூட்டியாச்சோ எண்டு சுத்தி வரலாம்.”

பெனடிக்ற் சிரித்தார். அது பரவாயில்லை. மனோவும் சிரித்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

நவம்பர் 12, புதன். காலை 9.30.

மப்பு வானம். அவன் குளிக்கப் போன நேரம். டிலீட். ‘கார்ட்’ என்றிருந்ததைப் பழைய துளைக்கு மாற்றினேன். சேமிப்பு. இனிப் படம் போவது ஒட்டுநாடாவுக்குப் பின்னால். ஒரு நிமிட வேலை.

திருநீறு பூசிக்கொண்டு வந்து இருந்தான். கறுப்பு. மொனிட்டரின் பக்கத்தில் தட்டினான், முரசு போல.

“அத்தான், ஒண்டும் தெரியேல்ல.”

பத்திரிகையைத் தாழ்த்தவில்லை. “சூடேறிச் செத்திருக்கும். பறந்து பறந்து.”

“ஒருக்காப் பாத்து விடுங்கோவன்.”

“பாப்பம்.”

மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாம் முறை மனோவின் முன்னால். என் நியாயமான எதிர்பார்ப்பு இது. கேட்டால் உடனே செய்து கொடுப்பேன்.

நவம்பர் 13, வியாழன். பிற்பகல்.

இரண்டாம் முறை கேட்டான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “உதுக்கெல்லாம் கடைக்காரன்தான் சரி,” என்றேன். போய் இருண்ட திரையின் முன் இருந்தான். கை விசைப்பலகை மேல். திரையில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. நன்றாக இருந்தது பார்க்க.

மனோ: “நேர்முகத்துக்கு முதல் இவனுக்கு விசர் பிடிக்கப்போகுது.”

மின்கட்டணம் இம்மாதம் குறையும்.

நவம்பர் 14, வெள்ளி. இரவு 9.00.

கண் வைத்தியரிடம் போய்த் திரும்புகையில் வாசலில், சிவபாலனை ஏற்றிப்போன முச்சக்கர வண்டிக்காரன். மனோ படியில் இருந்து அழுகிறாள்.

நான் வெளியே இருந்த வேளையில் சிவபாலன் கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பம்பலப்பிட்டியில் உள்ள திருத்துகடைக்குப் புறப்பட்டிருக்கிறான். இயக்கத்தின் விமானம் வந்து குண்டு போட்டு, நகரமே விளக்கணைத்துக் கிடந்து மூன்று கிழமை ஆகவில்லை. அடையாள அட்டையில் சாவகச்சேரி. மடியில் வயர் தொங்கும் இரும்புப் பெட்டி. காலி வீதிச் சோதனைச் சாவடியில் நிறுத்தாமல் பூமாலையா போடுவார்கள்?

காவல் நிலையம். நானும் மனோவும். மேசையில் என் கணினி. தங்கள் மொனிட்டரைக் கொண்டுவந்து கார்டின் துளையில் மாட்டியிருந்தார்கள். கறுப்பு. கறுப்பு ஒட்டுநாடாவை ஒரு கான்ஸ்டபிள் விரலால் தொட்டுப் பார்த்து, தொட்ட விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே, சிங்களத்தில்: “சீயா, மேக்க ஒன் கரலா பென்னன்ன.” தாத்தா, இதை இயங்கவைத்துக் காட்டுங்கள் என்கிறார். படம் வந்தால் இது கணினி; வராவிட்டால் இது என்ன? அதுதான் கேள்வி. படம் வந்தால் அவனைக் கூட்டிப்போகலாம் என்றும் சொன்னார்.

சிவபாலன் சுவரோர மரவாங்கில். இடுப்புப் பட்டி இல்லை. ஒரு கன்னம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

“அத்தான் வந்திட்டார், இனிப் பயமில்லை. அக்கா, அழாதையுங்கோ. அத்தானுக்கு உது தண்ணி பட்ட பாடு. ஒருக்காத் தட்டி விடுங்கோ அத்தான்.”

மூன்றாம் முறை. மனோவின் முன்னால்.

இரண்டு விடயங்கள் தோன்றின. ஒன்று: நான் தட்டித் திரை எழுந்தால், முதலில் அதை இருட்டாக்கியது யார் என்ற வினா எழும். இரண்டு: எழும் திரையின் முகப்பில் அவன் வைத்த விமானப் படம் இருக்கும், கொழும்புக்கு மேல் பறக்கப் பழகும் தமிழனை இன்றைய நாளில் எவர் விடுவார்? இரண்டாவது வலுவான காரணம். எனினும் முதலில் தோன்றியது முதலாவதே.

“மம தன்னே நெஹே மஹத்தயா,” என்றேன். எனக்குத் தெரியாது, ஐயா. அவன்தான் பாவிக்கிறவன்.

சிவபாலன் திரும்ப வாங்கில் இருந்துவிட்டான். மனோ அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

பெட்டியை நிபுணர்களிடம் அனுப்புவார்களாம். முடிவு வரும்வரை அவன் அங்கேயே. எத்தனை நாள் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

நவம்பர் 15, சனி. மழை.

மனோ இடியப்பமும் சொதியும் கொண்டுபோனாள். சொதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், திரவம் கூடாதென்று. எனக்குத் தேநீர் போடவில்லை. நானே போட்டேன். சீனி டப்பா இடம் மாறியிருந்தது.

பிறகு வந்து கதவோரம் நின்றாள். “நீங்கள் தட்டினா வரும்.”

“உனக்கென்ன தெரியும்?”

“புதன்கிழமை அவன் குளிக்கேக்க மிசின் சத்தம் போட்டது. நான் குசினிக்க நிண்டனான்.”

“தட்டினால் விமானப் படம் வரும். அவனைத் தொலைச்சுப்போடும், விளங்குதோ?”

“என்ன விமானம்? படத்தை மாத்தி ரெண்டு மாசம். பேத்தி பல்லில்லாமல் சிரிக்கிற படமெல்லே இப்ப கிடக்குது. நீங்கள் அவன்ர திரையை எப்ப பாத்தனீங்கள்?”

விளையாட்டு உள்ளே இருக்கிறதே என்றேன். அதற்குள் போய்விட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு. காலை 10.20.

வெயில். இன்ஸ்பெக்டருக்குக் கடிதம், மனோ பக்கத்தில் நிற்க. ஆங்கிலத்தில், தெளிவாக. அத்துடன் திரையை எழுப்பும் முறையைத் தனித்தாளில் எழுதச் சொன்னாள், எழுதினேன். ஒட்டுநாடாவை உரித்து வயரை மாற்றுவது, டிலீட், எந்த வரி, எந்தத் தெரிவு, எல்லாம். எவரும் செய்யலாம். கீழே கையொப்பம் கேட்டாள். இட்டேன்.

செவ்வாய் நேர்முகம். நாளை காலை தானே கொண்டுபோய்க் கொடுப்பாளாம். சேலை மாற்றப் போனாள், கோவிலுக்கு.

உள்ளிருந்து: “அந்தத் தாளையும் வைச்சனீங்களோ?”

“ஓம்.”

உறையை ஒட்டியாயிற்று. இணைத்தவை:

1. சிவபாலனின் அடையாள அட்டைப் பிரதி.
2. எமது வீட்டாரின் பொலிஸ் பதிவுப் பிரதி.
3. நேர்முக அழைப்பின் பிரதி. திகதி சிவப்பில் அடிக்கோடிட்டது.
4. கிராபிக்ஸ் கார்டின் பற்றுச்சீட்டு, மூலம்.
5. திரையை எழுப்பும் முறை, ஒரு தாள், என் கையொப்பத்துடன்: இணைக்கவில்லை.