கண்ணாடி அலுமாரிக்குள் உங்கள் கெண்டி

கையில் புளி மணக்கிறது, ஐயா. கழுவிக் கழுவிப் பார்த்தேன், போகவில்லை. இன்று சனிக்கிழமை. உங்கள் பித்தளைக் கெண்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களுக்கு எழுதும் முதல் மடல் இது. இனிப்பாக எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெண்டி இப்போது உங்கள் குசினி அடுப்படியில் இல்லை. ஹந்தானை மலைச் சரிவில் இருக்கும் நம் வேதக் கோவிலுக்குள், கண்ணாடி போட்ட அலுமாரியில் இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைக் கல். துரைமாரும் கூலிகளும் ஒருங்கே நேசித்த சமாதானப் போதகர் என்று உங்கள் பெயருக்குக் கீழே வெட்டியிருக்கிறார்கள். வைத்தது யார் தெரியுமா? உங்களை இந்தக் கோவிலைவிட்டுத் துரத்திய அதே தோட்டத்துத் துரை. வாசித்தபோது எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கோவில் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

நீங்கள் வந்த புதிதில் நம் கோவில் எப்படி இருந்ததென்று நினைவிருக்கிறதா? நற்கருணை மேசையில் திராட்சரசத்துக்கு இரண்டு பாத்திரங்கள் இருக்கும். வெள்ளிக் கிண்ணம் துரைமாருக்கு. அவர்கள் குடித்துக் கதிரையில் போய் உட்கார்ந்த பிறகு, தரையில் இருக்கும் நமக்குத் தகரக் குவளை வரும். கூலிகள் வாய் பட்ட பாத்திரத்தில் வாய் வைக்க முடியாது, அசுத்தம் என்று துரை சொன்னாராம். அந்த நாளில் நான் வாரமெல்லாம் கண்டி கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்குவேன். ஓய்ந்த பொழுதில் கோவிலைப் பெருக்கிப் பாத்திரம் துலக்குவேன். எந்தப் பாத்திரம் எவ்வளவு அசுத்தம் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடலுக்கு அக்கரையில் நம் ஊர் வீடுகளில் செம்பை அண்ணாந்துதானே குடிப்போம்? உதடு பட்டால் எச்சில். அந்தப் பழக்கத்தில் நம் ஆட்கள் தகரக் குவளையைக் கண்டதும் முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். துரைசாணி கைக்குட்டைக்குள் சிரிப்பாள். இங்கே என்னோடு கொட்டை பொறுக்கும் மருதாயி துரையின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டுப் புகையில் பழுத்த அந்த மீசை முழுக்க வெள்ளிக் கிண்ணத்துக்குள் முங்கி எழுந்தது. அவள் என் காதில் சொன்னாள்:

"நாம அசுத்தமாம்டி. எங்க ஊருல நாய்க்கு வச்சாக்கூட ஒன்னு குடிச்சதை இன்னொன்னுக்கு வைக்கமாட்டோம்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் பீடத்திலிருந்து பார்த்தீர்கள். பிறகு கூப்பிட்டுக் காரணம் கேட்டீர்கள். திட்டு விழும் என்று பயந்தபடி சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. மேசையிலிருந்த இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

அடுத்த நற்கருணை நாளில் மேசையில் வெள்ளியும் இல்லை, தகரமும் இல்லை. உங்கள் குசினிக் கெண்டி இருந்தது. நீண்ட மூக்குள்ள அந்தக் கெண்டியைத் தூக்கிக் காட்டி, தமிழிலும் இங்கிலீசிலும் ஒன்றையே சொன்னீர்கள்.

"இதுல யாரு வாயும் படாது. யாருக்கும் அருவருப்பு வேண்டாம். எல்லாரும் ஒரே வரிசையா முழங்கால் போடுங்க."

எச்சில்தான் குறை என்றால், குறை தீர்ந்ததல்லவா? துரை சந்தோஷமாக வந்து முழங்காற்படியிட வேண்டியதுதானே? அவர் முகம் சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தார். அவர் பின்னால் கதிரைகள் எல்லாம் காலியாயின. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாத்திரம் அவருக்கு ஒரு சாக்கு. பக்கத்தில் என் முழங்கால் இருப்பதுதான் அவருக்கு அசுத்தம்.

அவரைவிட எனக்கு அதிகம் குமட்டியது நம் பெரிய கங்காணியைப் பார்த்து. நம்மைக் கடல் தாண்டி, காடு தாண்டி நடத்திக் கூட்டிவந்தவர். தகரக் குவளை வந்த நாளெல்லாம் தம் சாதிக்காரரோடு முதலில் குடித்துவிட்டு, பறையடிக்கிறவர்களுக்குக் கடைசியில் போகவிட்டவர். ஒரே வரிசை என்றதும் அவரும் எழுந்தார். வெளியே மழை. துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனார். இருவருக்கும் ஒரே வாசல், ஒரே குடை.

அதன் பிறகு துரை, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டார். உங்கள் கோவிலுக்குப் போனவர்களுக்கு அந்த வாரம் பேர் விழாது, கூலி கிடையாது என்று கங்காணி நம் குடியிருப்பு லயம் லயமாகச் சொல்லிப் போனார். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. தோட்டத்து எல்லை ஓடைக்கு இப்பால், வேலை விட்டு ஆட்கள் திரும்பும் வளைவில், கெண்டியோடு நின்றீர்கள். நனைந்த கம்பளியோடு வந்தவர்கள் அட்டைக்கடி இரத்தம் வழிய அங்கேயே முழங்கால் போட்டார்கள். துரை குதிரையில் வந்து உங்கள் மேல் சேறு தெறிக்கவிட்டுப் போவார். நீங்கள் கெண்டியின் மூக்கை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொள்வீர்கள். ஒருநாள் நான் குதிரை போன திசையில் காறித் துப்பப் போனேன்.

"ஒனக்கு ஓங்கரிக்குதுல்லா? ஓங்கரிக்கட்டும்," என்றீர்கள். "ஆள் மேல துப்பிராதம்மா. செஞ்ச காரியத்து மேல துப்பு."

பிறகு துரைமார் சபை மேலிடத்துக்கு என்ன எழுதிப் போட்டார்களோ, உங்களைப் புசல்லாவைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று கெண்டியை என் கையில் தந்தீர்கள். அங்கே காய்ச்சல் கண்ட கூலிகளோடு கொட்டிலில் படுத்து, அவர்களோடேயே போய்ச் சேர்ந்தீர்கள் என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். அந்தக் குழிக்கு இன்றுவரை கல் இல்லை. கல்லெல்லாம் இங்கே சுவரில்தான்.

துரைக்கு ஏன் இந்தத் திடீர் பக்தி என்று கேட்பீர்கள். கோப்பி இலையில் மஞ்சள் தூள் நோய் வந்துவிட்டது, ஐயா. சரிவெல்லாம் மொட்டைக் குச்சியாக நிற்கிறது. ஆட்கள் தோட்டத்தை விட்டு ஓடுகிறார்கள். பிடித்து வைக்க உங்கள் பெயர் தேவைப்படுகிறது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. புதுப் பாதிரியார் வந்து கெண்டியைக் கேட்டபோது, மேசைக்குத்தான் போகிறதென்று நம்பிக் கொடுத்தேன்.

கல் திறந்த அன்று துரை உங்கள் பொறுமையைப் புகழ்ந்து பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெண்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். உடனே நற்கருணை. மேசையைப் பார்த்தேன். வெள்ளிக் கிண்ணமும் தகரக் குவளையும் பழையபடி உட்கார்ந்திருந்தன. உங்கள் கல்லுக்கு நேர் கீழே, ஐயா. வெட்கம் கெட்டவர்கள்.

நம் முறை வந்தது. புதுப் பாதிரியார் குவளையை என் உதட்டருகே கொண்டுவந்தார். நான் வாய் வைக்கவில்லை. முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தேன். குவளையைச் சாய்த்தால் மூஞ்சியெல்லாம் கொட்டும். அவர் தயங்கி மருதாயியிடம் நகர்ந்தார். அவளும் அண்ணாந்திருந்தாள். அவளுக்கு அப்பால் பறையடிக்கிறவர், அவர் பெண்சாதி, அப்பால் பெரிய கங்காணியின் மகனும். வரிசை முழுக்கத் திறந்த வாய்கள். பாதிரியார் அலுமாரியைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார். துரை தலையை இடமும் வலமும் ஆட்டினார். குவளை நிறைந்தபடியே மேசைக்குத் திரும்பியது.

அன்றிலிருந்து நற்கருணைதோறும் இதே கதைதான். நாங்கள் வாயைத் திறக்கிறோம், அவர்கள் அலுமாரியைத் திறப்பதில்லை. நாக்கில் ஒரு சொட்டுப் படாமல் வீட்டுக்கு வருகிறேன். அருவருப்பு போகவில்லை. ஆனால் இன்னும் ஆள் மேல் துப்பவில்லை, ஐயா. அது உங்களுக்காக.

சனிக்கிழமை மட்டும் துலக்குவதற்காகச் சாவி வருகிறது. இன்று புதுப் பாதிரியார் பக்கத்தில் நின்று, "வெளியே பளபளத்தால் போதும். உள்ளே எதற்கு? இனி அதில் எதுவும் ஊற்றப் போவதில்லையே," என்று புத்தகத் தமிழில் சொன்னார். தலையாட்டினேன். அவர் போன பிறகு ஒரு ஈர்க்கை உடைத்து, கெண்டியின் மூக்குக்குள் விட்டு, படிந்திருந்த களிம்பை எல்லாம் குடைந்து எடுத்தேன். தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் விழுந்தது. ஊற்றுகிற கை என்றைக்கு வந்தாலும் மூக்கு அடைத்திருக்கக் கூடாது.