முதல் 'காணும்'

கோபமும் அன்பும் சரிபாதியாக, என் அப்பாவுக்கு,

நான் உங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறேன் என்று கண்டால் உங்களுக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்கு எனக்கு முதல் பரிசு கிடைத்தபோது மண்டபத்தில் எழும்பி நின்று கைதட்டியவர் நீங்கள். "டோர்ட்மண்டில பிறந்த பிள்ளை, தமிழில என்னமா எழுதுறாள்" என்று பிறகு தமிழ்க் கடையில் மரக்கறி வாங்க வந்தவர்களை எல்லாம் மறித்து மறித்துச் சொன்னீர்கள். அதில் பொய் இல்லை. மேசைக்கு முன்னால் இருத்தி நேரமும் தந்தால் எனக்குத் தமிழ் வரும். இந்த ஒரு பந்தியை எழுதவே ஒரு பின்னேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்த நேரம் கிடைக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வேறு ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜேர்மனிக்கு வந்து, ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையின் குசினியில் வாழ்நாளின் பாதியை நின்றே கழித்தவர் நீங்கள். நீரிழிவு வந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கிழமைக்கு மூன்று தரம் போய் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வருவீர்கள். வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'மெஷின்'. "இண்டைக்கு மெஷினோ?" என்று அம்மா கேட்பார். "ஓம், மெஷின்தான்" என்று சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போகிற ஆள் மாதிரிச் சப்பாத்தைப் போடுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் 'காணும்' என்றால் 'போதும்'. கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற சென்னைப் பெடியன் ஒருவன் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று "காணுமோ தம்பி?" என்று கேட்க, அவன் பதறிப்போய் மேசைக்குக் கீழே குனிந்து, "என்ன ஆன்ட்டி காணோம்?" என்றான். உங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "ஒண்டும் துலையேல்லைத் தம்பி, நீர் சாப்பிடும்" என்றீர்கள்.

இனி அந்தப் பகல்.

மெஷினில் போட்டால் உங்களுக்கு இரத்த அழுத்தம் விழத் தொடங்கியிருந்தது. இதயமும் களைத்துப் போயிருந்தது. அந்த டொக்டர் நல்ல மனிசன். அவசரப்படாமல் கதிரையை இழுத்துப் போட்டு உங்கள் பக்கத்தில் இருந்தார். அப்பாவுக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாசை, விளங்கும் என்று நான் சொன்னேன். "இதை மட்டும் அவருடைய தாய்மொழியில் கேளுங்கள்" என்றார். சிகிச்சையைத் தொடர விரும்புகிறாரா, அல்லது அது இனித் தனக்குச் சுமை என்று நினைக்கிறாரா, நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியுமா. அவர் டொச்சில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாக விளங்கியது.

உங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சிகிச்சைக்கு டொச்சில் 'பெஹான்ட்லுங்'. அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதன் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. சுமை வரவில்லை. விருப்பம் கூட வரவில்லை. நீங்கள் ஒட்சிசன் குழாயோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டொக்டரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் வந்தது இதுதான்.

"அப்பா, மெஷின் காணுமோ?"

நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். "காணும் பிள்ளை."

"எஸ் ரைஷ்ட் என்கிறார்" என்று டொக்டரிடம் சொன்னேன். போதுமாம் என்று அர்த்தம். அது மட்டும் எவ்வளவு லேசாக வந்தது! அவர் உங்கள் கையைப் பிடித்துத் தானும் ஒருமுறை டொச்சில் கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் அப்பா, ஜேர்மன்காரர் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆள் அல்லவா நீங்கள்? முதலாளிக்கு ஆட்டினீர்கள், அரசாங்கக் கந்தோர்களில் இருந்தவர்களுக்கு ஆட்டினீர்கள், என் வகுப்பு ரீச்சருக்கும் ஆட்டினீர்கள்.

மெஷினை நிறுத்தினார்கள். அடுத்த கிழமை முடிவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

இடையில் திரும்ப ஒருமுறை கேட்டிருக்கலாமே என்று வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள். கேட்பதற்கு இன்னும் ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. பிறகு நீங்கள் கூடுதலாக நித்திரையில்தான் கிடந்தீர்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் கேட்டபடியே எல்லாம் நடக்கிறது என்று ஒரு நிம்மதி கூட இருந்தது எனக்கு.

டொக்டர்மார்தான் இனி ஏலாது என்று நிறுத்தினார்கள் என அம்மா நினைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போன பிறகு, உங்கள் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சு வந்தது.

"அவர் என்ன சொன்னவர்?"

"காணும் எண்டு சொன்னவர் அம்மா."

"பிறகு?"

"பிறகென்ன, அவ்வளவுதான்."

"பிறகு நீ என்ன கேட்டனி?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அம்மா கையிலிருந்த உங்கள் சேர்ட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதல் காணுமோட விட்டிட்டியோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அப்பா. எங்கள் வீடுகளில் முதல் 'காணும்' மரியாதைக்குச் சொல்வது. பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார், இன்னொரு கரண்டி வைப்பார். இரண்டாவது 'காணும்' அரைவாசி உண்மை. தட்டுக்கு மேலே கையை விரித்து, கதிரையையும் பின்னுக்குத் தள்ளினால்தான் அந்த மனிசனுக்கு வயிறு நிறைந்தது என்று அர்த்தம். நீங்கள் ஒருநாளாவது முதல் 'காணும்' சொல்லிவிட்டு எழும்பியதுண்டா? அம்மா இன்னொரு கரண்டி வைப்பார், "ஐயோ காணும் எண்டனான்" என்று புறுபுறுத்துக்கொண்டே வழித்துச் சாப்பிடுவீர்கள். பிறந்த நாளிலிருந்து நான் பார்த்தது இது. சாப்பாட்டு மேசையில் என்னைக் கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்தச் சொல் என் காதுக்குள் போனதும் டொச்சாகிவிட்டது. டொச்சில் ஒருவர் போதும் என்றால் போதும்தான். கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அம்மா அதோடு விடவில்லை. "மெஷின் காணுமோ எண்டு கேட்டால் மனிசன் என்ன நினைக்கும்? இது காணும், வேற ஒண்டும் தேவையில்லை, இதோட சமாளிப்பன் எண்டுதானே சொல்லும்?" என்றார். அதற்குப் பிறகு அழுதார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நீங்கள் எதைச் சொன்னீர்கள், அப்பா? உண்மையாகவே களைத்துப்போய்ப் போதும் என்றீர்களா? மெஷின் மட்டும் இருந்தால் போதும் என்றீர்களா? இல்லாவிட்டால் முதல் 'காணும்' சொல்லிவிட்டு, நான் இன்னொருமுறை கேட்பேன் என்று பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா? நீங்கள் சாகும்வரை நான் பக்கத்திலேயே இருந்தேன், நீங்கள் காத்திருந்தீர்களா என்பது கூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா அழுததற்கு மறுநாள், வேலைக்குப் போகிற ட்ராமில் எல்லாத் தமிழும் வந்தது. "அப்பா, இன்னும் கொஞ்ச நாள் எங்களோட இருக்க ஆசையோ?" இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். இதில் எது கடினமான சொல்? நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். பக்கத்தில் இருந்த கிழவி கைக்குட்டை தந்தாள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துகிறேன். ஒற்றைச் சொற்களை ஒலிக்கவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். சரியாகச் சொன்னால் சரி. விளங்கியதா என்று நான் கேட்பதில்லை, அது சோதனையில் இல்லை.

கடையில் என்னோடு மாரித் என்ற நோர்வேக்காரி வேலை செய்கிறாள். போன கிழமை காப்பி குடிக்கும்போது சொன்னாள், அவளுடைய ஊரில் இப்போது சொந்தப் பாசைச் சொல்லுக்கு முன்னால் இங்கிலிஷ்ச் சொல்தான் ஓடி வருமாம். தங்கச்சியோடு ஃபோனில் கதைக்கும்போது ஒரு சொல் நின்றுவிடுமாம். இரண்டு பேரும் அதை இங்கிலிஷில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்களாம். தாய்க்கு மட்டும் கோபம் வருமாம். "அதால ஒருத்தரும் சாகப் போறதில்லைத்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு உங்கள் கதை தெரியாது. நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனேன்.

உங்களிலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைப்பானேன். வீட்டில் பிள்ளையோடு டொச் கதையுங்கள், அப்போதுதான் முன்னுக்கு வருவாள் என்று ரீச்சர் சொன்னதும் நீங்கள் அப்படியே கேட்டு நடந்தீர்கள். அம்மா தன்பாட்டில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார், உங்கள் ஆட்டத்துக்கு வரவில்லை. உங்களிடம் இருந்ததோ குசினி டொச். கெதியா, சுடும், முடிஞ்சுது. அதை வைத்துக்கொண்டு ஒரு மகளோடு என்னத்தைக் கதைப்பது? பள்ளிக்கூடம் நல்லதோ, நல்லது. சாப்பிட்டாயோ, ஓம். தமிழைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, பரிசு வாங்கியதும் கைதட்டினீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் உங்கள் கூட்டாளிமார் நீங்கள் சொன்ன பகிடிகளைச் சொல்லிச் சொல்லி, அழுகைக்கு நடுவில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாக விளக்கம் கேட்டேன். விளக்கிய பகிடிக்கு யார் சிரிப்பார்கள்? இவ்வளவு பெரிய வாய்க்காரர் என்னோடு மட்டும் சின்ன ஆளாக இருந்திருக்கிறீர்கள்.

இப்போது அம்மாவின் செய்தி. அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டுமாம். வருகிற மாதம் டொக்டரைச் சந்திக்க ஆஸ்பத்திரியில் டெர்மின், அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் கேட்பார். ஒப்பரேஷன் பிழையாகிப் போனால் எதுவரைக்கும் மூச்சு மெஷினில் வைத்திருப்பது என்பதையும் கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். குசினியில் அம்மா வெங்காயம் உரித்தபடி தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் தேவாரம் என்று நினைத்தேன். கிட்டப் போனால் டொச். "இஷ் வில் வைட்டர் லேபன். இஷ் வில் வைட்டர் லேபன்." நான் தொடர்ந்து வாழ விரும்புகிறேன். "எனக்கு அந்தப் பாசை இந்தச் சென்மத்தில ஏலாது" என்று உங்களோடு மல்லுக்கட்டிய அதே அம்மா. கீழ்வீட்டுத் துருக்கிக்காரி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"டொக்டரிட்டச் சொல்லத்தான்."

"நான் வருவன்தானே. என்னட்டத் தமிழில சொல்லுங்கோ, நான் அவரிட்டச் சொல்லுறன்."

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மற்றதெல்லாம் நீ சொல்லு பிள்ளை. இதை நான் சொல்லுறன்."

பிறகு என்னை முன்னால் இருத்தி, ஒருமுறை சொல்லிக் காட்டி, "சரியோ?" என்று கேட்டார். காதுதானே என் தொழில். பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா, உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணுகிறேன். அன்றைக்கு அம்மா அந்த வசனத்தைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு எப்போதாவது, எந்தக் கட்டிலிலாவது அவர் வேறு மாதிரிச் சொன்னால், திரும்பக் கேட்பேன். டொக்டர் கைமணிக்கூட்டைப் பார்த்தாலும் கேட்பேன். தமிழ் வராவிட்டால் வரும்வரை நின்று கேட்பேன். "உனக்கென்ன விசரோ, எத்தினை தரம் கேப்பாய்?" என்று அவர் வாய் நிறைய என்னை ஏசும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உங்களிடம் ஒரேயொரு தரம் மட்டும் கேட்ட,
உங்கள் மகள்
துஷி