சத்தம் கேட்டு அமுக்கிய பட்டன்

என் செல்ல அப்பாவுக்கு,

இந்த நோட்டு வேறு யார் கையிலாவது சிக்கினால், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அப்பா, நீங்கள் சாமியிடம் போன பிறகு என் கண்ணுக்குள் விழித்திரையில் அழற்சி வந்துவிட்டது. அதற்குத் தரும் மாத்திரை என் முகத்தை ஊத வைத்துவிட்டது. ஊரிகம் சுரங்க லைன் வீடுகள் முழுக்க இப்போது என் பெயர் ‘பன்னு’.

போன வாரம் பெங்களூரில் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். ஒரு கண்ணை மூடி, பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினில் தாடையை வைக்க வேண்டும். நடுவிளக்கையே பார்த்தபடி, ஓரத்தில் எங்கே புள்ளி மின்னினாலும் பட்டனை அமுக்க வேண்டும். பரப்பு குறையாமல் இருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார் டாக்டர்.

இடது பக்கம் எனக்குப் புள்ளியே தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷின் ‘டிக்’ என்றது. நீங்கள் சுரங்கத்து என்ஜின் அறையில் உட்கார்ந்து, ஆளையே பார்க்காமல், மணியை எண்ணித்தானே ஆட்கள் நிற்கும் கேஜ் கூண்டை ஏற்றி இறக்கினீர்கள்? நானும் டிக் கேட்டதும் அமுக்கினேன்.

அது திருட்டு மெஷின் அப்பா. நடுநடுவே சத்தம் மட்டும் போட்டுவிட்டுப் புள்ளியே காட்டாதாம்.

“பாஸா, ஃபெயிலா?” என்று அம்மா கேட்டாள்.

“அப்படியெல்லாம் இல்லம்மா,” என்றார் சோதனை எடுத்த அக்கா. “உங்க பொண்ணு லைட்டே காட்டாதப்பவும் அமுக்கியிருக்கா.”

“இல்லாததுகூட தெரியுதா? அப்போ மாத்திரைய நிறுத்திடலாமே.”

அக்கா சிரிக்கவில்லை. இந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது, மறுபடி எடுக்கணும் என்றார். நாளைக்குத்தான் அது. அம்மாவோ, பக்கத்து வீட்டில் எல்லாம் நான் நூற்றுக்கு மேல் மார்க் வாங்கியதாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று ஸ்டேஷன் ரோட்டில் இடது பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் எனக்குத் தெரியவே இல்லை. அது பாவாடையை உரசிய பிறகுதான் பார்த்தேன். “இன்னா பாப்பா, கண்ணு தெரில?” என்று கத்தினார் ஓட்டியவர். ஆமாம், இடது பக்கம் தெரியவில்லைதான். பயமாக இருக்கிறது அப்பா. பன்னாகவே இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவின் முகம் முழுசாகத் தெரிய வேண்டாமா?

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

“இன்னாடி இன்னும் லைட்டு எரியுது? காலைல ரயிலு புடிக்க வேணாமா?”

நாளைக்குப் பார்த்ததற்கு மட்டும்தான் அமுக்குவேன் அப்பா. இடது பக்கம் தெரியாததை இப்போதே, கதவைத் திறந்ததும், அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்