அண்ணன் தோற்ற பரிசோதனை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கண் பரிசோதனையில் நான் தேறியதை அம்மா சொல்லியிருப்பாள். எப்படித் தேறினேன் என்பது அவளுக்கே தெரியாது.

விமானப் பயிற்சியில் முதலில் தரை வகுப்புதான். விமானத்தைத் தொடக்கூட விட மாட்டார்கள். நேற்று மேகங்களைப் பற்றிப் பாடம். வெயில் அடிக்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கரும்பலகையில் மேகம் காட்டுகிறார் வாத்தியார். உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நீயும் அந்த பெஞ்சில் சில வாரம் உட்கார்ந்தவன்தானே. மருத்துவச் சான்று வரும்வரை இடம் நிச்சயமில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே உனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் தகராறு. நமக்கு அது வீட்டுக் கேலி, அவ்வளவுதான். அதுவே உன்னைப் பறக்க விடாது என்று யார் கண்டது? டாக்டர் முடியாது என்று எழுதிக் கொடுத்த அன்று நீ பையைக் கட்டியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே நிறம் தெரிகிறதா, இல்லை, சட்டையிலிருந்து சோப்புவரை அம்மா உனக்காக நிறம் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நானும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேனா?

டாக்டர் புள்ளி புள்ளியாக இருந்த ஒரு பக்கத்தைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி, பழக்க தோஷத்தில், "சுத்திலும் பச்சை, நடுவுல ஆரஞ்சு" என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். "கலர யாரும்மா கேட்டா? நம்பர சொல்லு" என்றார். அடுத்த பக்கத்திலும் நிறம்தான் வாயில் வந்தது. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தை மூடிவிட்டு அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். வாயைக் கட்டிக்கொண்டு எண்ணை மட்டும் சொன்னேன். கடைசியில், "கண்ணுல குறையில்ல, வாயிலதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி.

ஆனால் டாக்டரைவிட உனக்குத்தான் அதிகம் பயந்தேன். உன்னிடம் சொல்லாமல் சேர்ந்தேன். அம்மா வாய் தவறி உளறிய பிறகு நீ மூச்சு விடவில்லை. "அவன் மனசு என்ன பாடுபடுதோ" என்று அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பேசாமலே இருந்துவிட்டால் இந்தப் படிப்பே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

நேற்றுத்தான் வாட்ஸ்அப்பில் உன் குரல் பதிவு வந்தது. "ஏய் வாலு, மேகத்தயெல்லாம் மனப்பாடம் பண்ணாத. வெளிய போய் அண்ணாந்து பாரு. மேப்புல கோடு போட நான் வாங்கின ஸ்கேல் பரண் மேல இருக்கு, எடுத்துக்க." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அம்மா அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ராத்திரி இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

இருந்தாலும் அண்ணா, அந்தச் சிரிப்பு உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தையில்லை. உனக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த விடுமுறைக்காவது வந்துவிடு. வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே. வாழ்த்துகூடச் சொல்ல வேண்டாம். வயிறு எரிந்தால் எரியட்டும். தூரத்தில் தனியாக எரியாதே. வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, என் எதிரே உட்கார்ந்து எரி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
வாலு