டெட்ராய்ட் மாநாட்டில் நான் பாடவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்லீன் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலையும் பழகிவிட்டது.

நற்செய்தி இசை மாநாடு முடிந்தது. நான்தான் தனியாகப் பாடப் போகிறேன் என்று நம் ஊர்ச் சபை முழுக்கச் சொல்லி வைத்திருப்பீர்கள். பாடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

மேடை ஏறும் நேரத்தில் இங்குள்ள எங்கள் சபைப் பாடகர் குழுத் தலைவர் ப்ரூயிட், என் பாட்டைப் போதகரின் அண்ணன் மகள் கார்லெட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்.

"நீ வாயைத் திறந்தாலே பருத்திக்காட்டு வாடை அடிக்குதும்மா. எல்லா ஊரு குழுவும் உட்கார்ந்து பாக்குது, மானத்தை வாங்காதே" என்றார். குழுவில் சிலர் சிரித்தார்கள்.

பாட்டின் இரண்டாவது அடியிலேயே கார்லெட்டாவுக்குக் குரல் உடைந்தது. ப்ரூயிட் என்னைப் பார்த்து, பாடு பாடு என்று கையை ஆட்டினார். நான் அவர் கண்ணையே பார்த்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். பாவம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"கர்த்தர் குடுத்த குரலை வச்சு வஞ்சம் தீர்க்குறியே, நீயெல்லாம் விசுவாசியா?" என்று ப்ரூயிட் வெளியே வந்து என்னிடம் கத்தினார்.

"அவர் குடுத்த பாட்டை நீங்கதானே பிடுங்கினீங்க? அவருக்கே பதில் சொல்லுங்க" என்று பாடகர் குழு அங்கியைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். வருத்தமே இல்லை.

நீங்கள் செய்த பீச் ஜாம் ஒரு புட்டி அனுப்புங்கள். ஐடெல்லா சித்தியின் தோழி இந்த ஊரில் எந்தச் சபைக்குப் போகிறாள் என்று கேட்டு எழுதுங்கள். பாடுவதற்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
வெர்லீன்