ஓடைக்கரையில் பூத்த மரம்

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

அண்ணனின் மலைத் தோட்டத்தில் காபி பறிப்பு முடிந்துவிட்டது. அவனுக்குச் சோறு கொண்டு போகிற சாக்கில் ஹஃப்ஸாவையும் கூட்டிப் போனேன். என்னோடு தாவரவியல் படித்தவள். நான் பள்ளிக்கூட டீச்சரானேன்; அவள் இப்போது மழைக்காட்டு மரங்களை ஆராய்கிறாள்.

ஓடைக்கரைப் பெரிய மரம் அடியிலிருந்தே வெள்ளையாகப் பூத்திருந்தது. பூவை லென்ஸில் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி, இது நம்ம பக்கம் அழிஞ்சே போச்சுன்னுல்ல நெனச்சிருந்தோம்!"

சிறு வயதிலிருந்து நானும் அண்ணனும் அதன் நிழலில் சாப்பிட்டிருக்கிறோம். பெயர்கூடக் கேட்டதில்லை.

அண்ணன் ஒன்றுதான் கேட்டான்: "அப்ப கவர்மெண்டு ஆளுக வருவாகளா?"

13, செவ்வாய்

சனிக்கிழமை ஹஃப்ஸாவின் குழு மரத்தைப் பார்க்க வருகிறது. அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "சரி" என்றான்.

17, சனி

வெட்டிவிட்டான்.

குழுவுக்கு முன்னால் நான்தான் நடந்தேன். மரம் ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. பூவெல்லாம் தண்ணீரில். தேனீக்கள் இன்னும் மொய்த்துக்கொண்டிருந்தன — மரம் விழுந்தது அதுகளுக்குத் தெரியாதா?

"ஏன்ணே?"

"அபூர்வ மரம்பாக. பொறவு தோட்டத்தையே காடும்பாக. அப்பா பாடுபட்ட மண்ணு, விட்டுருவனா?"

"ஒரு மரத்துக்காக யாருண்ணே தோட்டத்த எடுப்பா? எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன், ஏட்டி."

பட்டாளத்தில் இருந்து வந்தவன். அந்தச் சொல்லை அவன் வாயில் இதுவரை கேட்டதில்லை.

18, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. பூத்து நின்ன மரத்துல எப்பிடிக் கை வச்சான்? எங்கூடப் பொறந்தவந்தானா?

20, செவ்வாய்

வனத்துறையில் நானே புகார் எழுதிக் கொடுத்தேன்.

அண்ணி போனில் அழுதாள்: "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியே!"

கையெழுத்துப் போட்டது என் கைதானா?

9 மார்ச், சனி

அபராதம் கட்டிவிட்டான். நேற்று சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

30 ஜூன், ஞாயிறு

கீழே ஊரில், மடவார் வளாகத் தெருவில் என் வீட்டு வாசலில் அண்ணன். கையில் ஈரச் சாக்கு. உள்ளே மூன்று நாற்றுகள். வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் முளைத்திருந்தவையாம்.

"அதுதானான்னு பாரு."

இலையைத் திருப்பிப் பார்த்தேன். கிள்ளி முகர்ந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடலாமா?

"இல்லண்ணே. இது வேற."

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். காபி கொடுத்தேன். குடித்தான்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் பாக்கல. நாளைக்குப் போறேன்."

"ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு நானும் வாரேன்."

காலித் தம்ளரைப் படியில் வைத்தான்.

"அட்டை கடிக்கும். ஷூ போட்டுட்டு வா" என்றான்.